முதல் மணிக்கு முந்தி

வாரும் மருமவனே, இப்படித் தார்சாவுல உக்காரும். கடக்காத்து நல்லா வருது. உள்ள போவாதீரும். எம் மவ இஸ்திரிப் பெட்டியோட மல்லுக்கு நிக்கா. நாளைக்கு நற்கருணை ஆராதனைக்கு நீரு போட்டுக்கிட்டுப் போற வெள்ளைச் சட்டையில காலருகிட்ட ஒரு சுருக்கம் விழுந்துட்டாம். அது நிமிருற வரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தனுக்கும் காப்பி கிடையாது.

காலம்பற இருந்து ஒம்மப் பாத்துகிட்டுதான் இருக்கேன். மெட்ராஸ்ல இருந்து ராத்திரி பஸ்ஸுல வந்து எறங்கின ஆளு, செத்த நேரம் கண்ணசரக்கூட இல்ல. சலூனுக்குப் போனீரு. மீசைக்கு மை அடிச்சீரு. சாத்தான்குளத்துக்கு ஒரு எட்டு போயி புதுச் செருப்பு வாங்கினீரு. காணிக்கைக்கு எடுத்து வச்ச ஐநூறு ரூவா நோட்டு கசங்கியிருக்குன்னு கடைக்காரன்கிட்டக் குடுத்து மொடமொடன்னு புது நோட்டா மாத்தினீரு. ஆயத்தம்னா இதுல்லா ஆயத்தம்! பிரதான ஆசாரியன் ஆரோனுகூட இம்புட்டு மெனக்கெட்டிருக்க மாட்டான். அவனுக்கு வருசத்துல ஒரே ஒரு நாளுதான் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள போக உத்தரவு. அன்னைக்கும் பொன்னும் மணியும் வச்ச உடுப்பையெல்லாம் கழத்தி வச்சிட்டு, குளிச்சிட்டு, வெறும் சணல்நூல் சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் உள்ள போவான். சனங்களுக்காவப் பலி குடுக்கதுக்கு முந்தி தனக்காவ ஒரு காளைய வெட்டணும். மொதல்ல எம் பாவம், பெறவுதான் ஊர்ப் பாவம்னு ஒரு ஒழுங்கு. நம்ம ஊருல அந்த ஒழுங்கு தலைகீழாக் கெடக்கு, அது வேற சங்கதி.

எல்லாம் செஞ்சீரு. அந்திக்கு மணி அடிச்சுதே, அது மட்டும் ஒம்ம காதுல விழல. கோயில்குட்டி கயித்தப் புடிச்சித் தொங்குதான், மணி அது பாட்டுக்கு அடிக்கி, நீரு கண்ணாடி முன்னால செருப்புக்கு நடை பழகிக்கிட்டு இருக்கீரு. ஆயத்த ஆராதனைன்னு ஒண்ணு உண்டு மருமவனே. நாளைக்குப் பந்தியில சேரப் போறவன் இன்னைக்கு அந்தியிலேயே வந்து தன்னத்தானே சோதிச்சுப் பாத்துக்கிடணும்னு வச்சது. இன்னைக்கு யாரு யாரு வந்திருந்தாங்கன்னு கேளும். ஐயரு, உபதேசியாரு, நாலு கெழவி, நான். அந்த நாலு கெழவியும் செய்ய இனி என்ன பாவம் பாக்கி இருக்குன்னு நெனைக்கீரு? முட்டு வலியில மொனங்குனதத் தவிர வேற ஒண்ணும் கிடையாது. பாவம் செய்ய வலு உள்ளவன் பூரா பேரும் சலூன்ல இருந்தான்.

இது கெழடுகளுக்குப் பொழுது போவணும்னு வச்ச சடங்குன்னு நெனச்சிராதீரும். 1662-ல இங்கிலாந்துச் சபை ஒரு ஜெபப் புஸ்தகம் போட்டுச்சு. நம்ம பக்கத்துக்கு வந்த வெள்ளைக்கார ஐயமாரு அதைக் கையில வச்சிக்கிட்டுத்தான் ஊழியம் பாத்தாங்க. அதுல கண்டிப்பா எழுதியிருக்கு. நற்கருணை எடுக்க நெனைக்கவன் மொத நாளாவது குருவானவருகிட்டப் போயிப் பேரு குடுக்கணும். ரெண்டு பேருக்குள்ள பகை இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சா, ஒப்புரவு ஆவுற வரைக்கும் ரெண்டு பேரையும் பந்திக்கு விடக்கூடாது. ஒருத்தன் மனசார எறங்கி வந்து, இன்னொருத்தன் வீம்பு புடிச்சான்னா, எறங்கி வந்தவன உள்ள விட்டுட்டு வீம்புக்காரன வெளிய நிப்பாட்டணும். அந்தச் சட்டத்த இப்ப எடுத்து வச்சா நாளைக்கு நம்ம கோயில்ல ஐயரும் அப்பமும்தான் மிச்சம். ஐயரும் சந்தேகந்தான். திருமண்டலத் தேர்தல்ல மூண்ட பகையோட சூடு இன்னும் ஆறல.

நீரு பனங்காட்டுல பொறந்த ஆளு. ஒம்ம தாத்தாவும் எங்க அப்பனும் பனையேறித்தான் ரெண்டு குடும்பத்துக்கும் கஞ்சி ஊத்தினாங்க. நீரு கம்ப்யூட்டருக்குப் போயிட்டீரு, மறந்திருக்கும், சொல்லுதேன். பாளையச் சீவினா வடியுத தண்ணி ஒண்ணுதான். காலையில எறக்கும்போது அது பதநீரா இருக்குமா கள்ளா இருக்குமாங்கது மரத்துக்கிட்ட இல்ல, பாளைகிட்டயும் இல்ல. ஏறுததுக்கு முந்தி கீழ தரையில உக்காந்து கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுதான்லா, அதுலதான் எல்லாம் இருக்கு. தடவாத கலயத்தக் கொண்டு கெட்டிட்டு உச்சியில உக்காந்து எம்புட்டு ஜெபம் பண்ணினாலும் விடியுததுக்குள்ள நொரைச்சிரும். கலயத்துக்கு வெளிய சுண்ணாம்பு அடிச்சு வெள்ளை வெளேர்னு மினுக்கினாலும் அதே கததான். ஒம்ம சட்டையச் சொல்லல, பொதுவாச் சொல்லுதேன். கோயில்லயும் எல்லாருக்கும் ஒரே வேதபாடம், ஒரே பிரசங்கம், ஒரே அப்பம், ஒரே பாத்திரம். ஒருத்தன் அதை வீட்டுக்குக் கொண்டு போயி வாரம் பூரா கருப்பட்டியாக் காச்சிக்கிடுதான். இன்னொருத்தன் வாசல் தாண்டுததுக்குள்ள போதை ஏறி, "இன்னைக்கு ஐயரு யாரச் சாடை பேசினாருன்னு வெளங்குதா?"ன்னு தொடங்கிருதான். பாளை சீவத் தொடங்குத மாசி, பங்குனியிலதான் லெந்து நாளும் வருது. ரெண்டுக்கும் சுண்ணாம்பு வேணும்னு நம்ம ஆளுகளுக்கு ஒருத்தரும் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாம இருந்த காலம் ஒண்ணு இருந்துது.

என்னது? சுத்தமாப் போறது தப்பாங்கீரா? தப்புன்னு யாருவே சொன்னா? எங்க அம்மைக்குக் கோயிலுக்குன்னு இருந்தது ஒத்தச் சேலை. சனிக்கிழமை மத்தியானம் உவர்மண்ணு போட்டு வெளுத்து வேலியில காயப் போடுவா. அது காயுததுக்குள்ள அவளுக்கு வேற சோலி இருக்கும். அந்த வாரம் கைமாத்தா வாங்கின உப்பு, நாலு வத்தல், கால்படி அரிசி, எல்லாத்தையும் அந்தந்த வீட்டுல திருப்பிக் குடுத்திட்டு வருவா. ஒல வைக்கும்போதெல்லாம் கோயிலுக்குன்னு ஒரு பிடி அரிசிய தனிப் பானையில போட்டு வச்சிருப்பாள்லா, அதைக் கொட்டி அளந்து பாப்பா. வாரத்துல யாருகூடயாவது வாய்த்தகராறு ஆயிருந்தா, முருங்கைக்கீரைய ஒரு கொத்து ஒடிச்சிக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல போயி நிப்பா. மன்னிப்புங்க வார்த்தை அவ வாயில இருந்து வந்து நான் கேட்டதே இல்ல. "ஏட்டி, கீரை வேணுமா?" அம்புட்டுதான். உள்ள இருந்து ஒருத்தி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வருவா, கீரைய வாங்குவா, பதிலுக்கு ரெண்டு கத்திரிக்காயத் தருவா. அந்தி சாயும்போது சேலையும் காஞ்சிருக்கும், சோலியும் முடிஞ்சிருக்கும். ஒமக்குச் சேலை மாத்திரம் காஞ்சிருக்கு.

சரி, நாளைக்குக் கோயில்ல எப்படி நடந்துக்கிடணும்னும் சொல்லிருதேன். முதல் மணிக்கு எந்திரிக்காதீரும், கௌரவக் கொறைச்சல். ரெண்டாம் மணியும் அடிச்சு, மொதப் பாட்டு முடியப் போறப்ப வாரும். அப்பதான் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. புதுச் செருப்ப வாசல்ல விடும். ஓரேபுல முட்செடிகிட்ட மோசேயும் செருப்பக் கழத்தினான். கழத்திட்டு, தேவனப் பாக்கப் பயந்து மொகத்த மூடிக்கிட்டான். நீரு மூடிராதீரும், செருப்பு போயிரும். செருப்பு தெரியுத மாதிரி ஜன்னலோரமாப் பாத்து உக்காரும்.

பாவ அறிக்கை ஒமக்கு மனப்பாடம். ஐயரு தொடங்குததுக்கு முந்தி முடிச்சிருவீரு. நானும் ரொம்ப நாளா ஒண்ணு கவனிச்சுக்கிட்டு வாரேன். பொதுவா "பாவி"ன்னு ஒத்துக்கிட ஊரே தயாரா இருக்கு. சத்தமா, ராகமா ஒத்துக்கிடுதாங்க. "வேலிக்கல்ல ரெண்டடி தள்ளி நட்டது நான்தான்"னு சொல்ல மட்டும் ஒரு ஆளு கிடையாது. நான் முந்திச் சொன்ன ஜெபப் புஸ்தகத்துலயே லெந்து மொத நாளு வாசிக்கதுக்கு ஒரு முறை இருக்கு. உபாகமத்துல உள்ள சாபங்கள ஐயரு ஒவ்வொண்ணா வாசிக்கணும், சனங்க ஒவ்வொண்ணுக்கும் ஆமென் சொல்லணும். அதுல ஒரு சாபம், அடுத்தவன் எல்லைக்கல்ல நகத்தினவனுக்கு. அதுக்கும் ஆமென் சொல்லியாவணும், தப்பிக்க முடியாது. அதனாலதானோ என்னமோ இப்ப அந்தப் பக்கத்த யாரும் புரட்டுதது இல்ல. நீரு எதுக்கு வேத்து வேத்து ஊத்துதீரு? காத்து நல்லாத்தான வருது.

பிரசங்கத்துல தூக்கம் வந்தா வெக்கப்படாதீரும். துரோவாவுல ஐத்திகுன்னு ஒரு பையன், பவுலு பிரசங்கம் பண்ணும்போதே தூங்கி மூணாம் மெத்தையில இருந்து கீழ விழுந்திருக்கான். ஆனா பவுலு நடுராத்திரி வரைக்கும் பேசினாரு, நம்ம ஐயரு இருவது நிமிசந்தான். விழுந்தவன எழுப்ப பவுலே எறங்கி வந்தாரு. ஒம்ம எழுப்ப காணிக்கைப் பைதான் வரும். தூங்காத நேரத்துல போன எடுத்துப் பாட்டுக்குழுவப் படம் புடிச்சு ஸ்டேட்டஸ் வச்சிரும். நீரு ஆராதனையில இருந்தது மெட்ராஸ்ல உள்ளவங்களுக்கு அவசியம் தெரியணும். ஆண்டவருக்குத் தெரியாமப் போனாலும் பரவாயில்ல.

பாட்டுல ஒமக்குக் கொறையே இல்ல. கீர்த்தனைன்னா தூணு அதிரும். ஆனா ஆமோஸ்னு ஒருத்தன் இருந்தான். தெக்கோவா ஊர்க்காரன். தீர்க்கதரிசி பரம்பரை எல்லாம் கிடையாது. ஆடு மேய்ச்சான், காட்டத்திப் பழம் பொறுக்கினான், நம்மள மாதிரி காட்டுல காஞ்சவன். அவன்கிட்ட ஆண்டவரு சொல்லியனுப்பின தாக்கல் என்னன்னா, பாட்ட நிப்பாட்டுங்க, எனக்குக் கேக்கப் புடிக்கல, மொதல்ல ஊருக்குள்ள நியாயத்தப் பாருங்கன்னு. பாட்டுக்குழுத் தலைவரு காதுல இதைப் போட்டிராதீரும், மனுசன் புது ஆர்மோனியப் பெட்டி வாங்க வசூல் பண்ணிக்கிட்டு இருக்காரு. இந்தப் பக்கம் அன்னாளப் பாரும். சீலோவுல, பிள்ளையில்லாத ஏக்கத்துல வந்து நிக்கா. ஒதடு மட்டும் அசையுது, சத்தம் வெளிய வரல. ஆசாரியன் ஏலி இது குடிச்சிட்டு வந்த கழுதன்னு நெனச்சிட்டான். நல்ல வேளை, அந்தக் காலத்துல மைக் செட்டு இல்ல. இருந்திருந்தா அவ கையிலயும் ஒண்ணத் திணிச்சிருப்பாங்க.

காணிக்கைய நான் ரொம்பப் பேசல. அறுப்பின் பண்டிகை ஏலத்த ஊரே பாத்துது. பூசணிக்காய் கடையில முப்பது ரூவா பெறும். நீரு ஆயிரம்னீரு. ஒம்ம தம்பி ரெண்டாயிரம்னான். நீரு மூவாயிரம்னீரு. ஏழாயிரத்துல போயி நின்னுது. ஐயருக்குச் சந்தோசம், கோயில் கூரைக்கு ஓடு ஆச்சு. ஆனா பரலோகத்துக் கணக்குப்புள்ள அந்த ஏழாயிரத்தக் காணிக்கைன்னு எழுதுவாரா, கேசுச் செலவுன்னு எழுதுவாரான்னுதான் எனக்குக் கவலை. எருசலேம் தேவாலயத்துல இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிர உக்காந்து, யாரு எதைப் போடுதான்னு பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. ரெண்டு சின்னக் காசு போட்ட விதவைதான் அவரு கண்ணுல நின்னா. அவ காசு பளபளன்னு இருந்துதான்னு வேதத்துல ஒரு வரி கிடையாது.

இதெல்லாம்கூடப் போவட்டும். அடுத்து வருதே, அதுலதான் நீரு மாட்டிக்கிடுதீரு. 1947-ல தென்னிந்தியத் திருச்சபை உண்டாச்சு. 1950-ல நற்கருணைக்குன்னு புது முறை ஒண்ணு எழுதினாங்க. அதுல ஆதிச் சபையில இருந்த பழக்கம் ஒண்ணத் திரும்பக் கொண்டாந்தாங்க, சமாதானம் குடுக்கது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவங்க விடாம வச்சிருந்த மாதிரி, ஒருத்தன் கையைக் குவிச்சுக் குடுக்கணும், அடுத்தவன் அதைத் தன் ரெண்டு கைக்குள்ள வாங்கிக்கிடணும். பீடத்துல ஐயரு கையில பொறப்பட்டு, ஆளு மாத்தி ஆளு, வரிசை மாத்தி வரிசை, அது கோயிலு பூரா சுத்தி வரணும். எனக்குத் தெரிஞ்சு நம்ம ஆராதனையில இதைவிட அழகான காரியம் கிடையாது, இதைவிடக் கஷ்டமான காரியமும் கிடையாது.

போன தடவை நீரு வந்திருந்தப்ப அது பட்ட பாட்ட நான் பின்பெஞ்சுல இருந்து பாத்தேன். பீடத்துல இருந்து நல்லாத்தான் கெளம்புச்சு. ஒம்ம தம்பி தூணுக்கு அந்தப் பக்கம், நீரு இந்தப் பக்கம். சமாதானம் அவன் கைக்கு வந்துது. வாங்கினான். திரும்பினான். ஒம்மப் பாத்தான். அந்த நேரம் பாத்து ஒமக்குச் சட்டைப் பையில என்னமோ தேட வேண்டியிருந்துது. அவனுக்கு மூக்குக்கண்ணாடி தொடைக்க வேண்டியிருந்துது. சமாதானம் என்ன செய்யும், பாவம்? தூணச் சுத்திக்கிட்டு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக கைவழியாப் பின்பக்கமாப் போயிட்டு. பெறவு ரெண்டு பேரும் ஒரே பந்தியில, இந்தக் கோடிக்கு ஒருத்தன் அந்தக் கோடிக்கு ஒருத்தன் மொழங்கால் போட்டு அப்பம் வாங்கினீங்க. ஐயருக்குக் கை நடுங்கினத நான் பாத்தேன். வயசுன்னு சொல்லிக்கிட்டாரு.

எதுக்காவ இந்தச் சடவு? வேலியோரம் நிக்க நாலு பனைக்கு. ஏறுததுக்கு இப்ப ஆளும் கிடையாது. நுங்கு மூத்து, பழுத்து, தானா விழுந்து பன்னி திங்கி. வக்கீலுக்கு நீங்க ரெண்டு பேரும் குடுத்த காசுக்கு நாலு பனை என்ன, ஒரு விளையே வாங்கியிருக்கலாம். கல்ல யாரு நகத்தினான்னு எனக்குத் தெரியாது. நீரு அவங்கீரு, அவன் நீருங்கான். தேரி மண்ணு காத்துக்கு நகரும்னு எல்லாருக்கும் தெரியும், கல்லும் சேந்து நகருமான்னு நான் படிச்சதில்ல. மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி. அந்த உச்சியில ஏறி நின்னு பாத்தாலே ஒம்ம காலர்ச் சுருக்கம் தெரியாது. அதுக்கு மேல உள்ளவருக்குக் கல்லு நிக்க எடம் நல்லாவே தெரியும்.

மலைப்பிரசங்கத்துல இயேசு இதுக்கு ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்காரு. காணிக்கையோட பீடத்துக்கு முன்னால வந்து நிக்க, அங்க வச்சு ஒமக்குச் சகோதரன் ஞாபகம் வருது. காணிக்கைய அப்படியே போட்டுட்டுப் போயி மொதல்ல அவன்கூட ஒப்புரவாயிட்டு, பெறவு வந்து செலுத்துன்னாரு. இதை அவரு யாருகிட்டச் சொன்னாருன்னு யோசிச்சுப் பாத்தீரா? கலிலேயாக்காரங்ககிட்ட. பீடம் எங்க இருக்கு? எருசலேம்ல. நடந்தா மூணு நாளு. ஆட்டுக்குட்டிய ஆசாரியன்கிட்ட ஒப்படைச்சிட்டு, மூணு நாளு நடந்து ஊருக்குப் போயி, அண்ணன் தம்பிகிட்டப் பேசிட்டு, திரும்ப மூணு நாளு நடந்து வரணும். கேட்டவனுக்குத் தலை சுத்தியிருக்கும். ஒம்ம தம்பி வீடு எத்தன நாள் நடை? முடுக்குத் திரும்பினா மூணாவது வாசல்.

இன்னொண்ணும் அதுல ஒளிஞ்சு கெடக்கு. ஒனக்கு அவன் மேல கொறை இருந்தாப் போன்னு அவரு சொல்லல. அவனுக்கு ஒம்மேல கொறை இருந்தாப் போங்காரு. நீரு "எனக்கு அவன்மேல ஒண்ணும் இல்ல மாமா, நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்"னு தலையச் சாச்சுக்கிட்டுச் சொல்லுவீரே, அந்தச் சோலியெல்லாம் இங்க வேவாது. ஒம்ம மனசு வெள்ளையா இருக்கான்னு இங்க கேள்வியே இல்ல. அவன் மனசுல ஒம்மப் பத்தி என்ன இருக்குங்கதுதான் கேள்வி. அதை ஒமக்குள்ளேயே உக்காந்து தேடிக் கண்டுபுடிக்க முடியாது, அவன் வீட்டு நடையில போயி நின்னாத்தான் தெரியும்.

"நான் மூத்தவன், அவன்தான் வரணும்"கீரா? இதைச் சொல்லுவீருன்னு தெரிஞ்சுதான் ஏசாவ மடியில கெட்டி வச்சிருக்கேன். ஏசா மூத்தவன்லா? ஏமாத்தினது இளையவன். மூத்த மகன்ங்க உரிமையும் போச்சு, அப்பன் ஆசீர்வாதமும் போச்சு. வருசக்கணக்கா வெளத்த அடக்கி வச்சிருந்தவன், நானூறு ஆளக் கூட்டிக்கிட்டு எதிர வாரான். யாக்கோபு வெட்டப் போறான்னு நடுங்கி, ஏழு தடவை தரையில விழுந்து கும்புடுதான். ஓடி வந்து கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதது யாரு? மூத்தவன். அவனுக்குச் சட்டையும் இஸ்திரி போட்டிருக்காது. நல்ல மனுசன், நம்ம ஆளுக பிள்ளைக்கு ஏசான்னு பேருகூட வைக்க மாட்டேங்காங்க.

என்ன பேசுததுன்னு கொழம்பாதீரும். கேசப் பத்திப் பேசாதீரும், பனையப் பத்திப் பேசாதீரும், வேதவசனம் சொல்லிராதீரும், அது சண்டையில போயி முடியும். ஒரு கூறு பனங்கிழங்கு அவிச்சு வச்சிருக்கா ஒம்ம அத்தை, எடுத்துக்கிட்டுப் போரும். கிழங்கு எந்தப் பனைன்னு அவன் கேட்டா மட்டும் என் விளைன்னு சொல்லும்.

ஒரு விசயம் சொல்லிருதேன், கோவிச்சுக்கிடாதீரும். இம்புட்டுக் கதையையும் மத்தியானமே ஒருக்க சொல்லி முடிச்சிட்டேன், அவன் வீட்டுத் தார்சாவுல வச்சு. அவனுக்கு ஏசாவ விட்டுட்டு யாக்கோபு பக்கமா இழுத்துச் சொன்னேன், இளையவன்லா. அவன் பொண்டாட்டி காப்பியும் குடுத்தா, முறுக்கும் குடுத்தா. யோசிச்சுக்கிட்டே இருந்தான். நீரு எந்திரிக்கதுக்கு முந்தி அவன் இங்க வந்து நின்னுட்டான்னா மூத்தவனுக்குத்தான் அசிங்கம். டார்ச் லைட்ட எடுத்துக்கிடும், முடுக்குல கம்பத்து வெளக்கு எரியல. இருட்டுல ரெண்டு பேரும் நெத்திய முட்டிக்கிட்டு, அதுக்கு வேற தனியா ஒரு கேசு போட்டிராதீங்க.